மாற்று ஆள் வரும் வரை

அப்பா ஷிஃப்ட் முடிந்து நேரத்துக்கு வராவிட்டால் அம்மா பதறமாட்டாள். விபத்து, ஸ்ட்ரைக், டீக்கடை அரட்டை என்று எதுவும் அவள் மனதில் ஓடாது. "மாத்து ஆள் வந்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றை மூடி வைப்பாள். நெய்வேலி சுரங்கத்தில் கரி போகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர் அப்பா. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, பக்கத்தில் நின்று, "நான் பாத்துக்கறேன், நீங்க எறங்குங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் இறங்கலாம். ஆள் வரவில்லையென்றால் அங்கேயே இன்னொரு எட்டு மணி நேரம். அதற்கு டபுள் என்று பெயர். "லேட்டாகும். ஆனா வராமலே இருந்ததில்ல. எப்படியும் ஒருத்தன் வந்துடுவான்" என்பார் அப்பா.

ஆள் வந்துவிட்டால் மட்டும் போதாது. லாக் புக் என்று ஒன்று உண்டு. பெல்ட்டைத் தாங்குகிற எந்த ரோலர் சூடாகிறது, பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, எங்கே கரி சிந்துகிறது என்று அதில் எழுத வேண்டும். எழுதியதை வாயாலும் ஒருமுறை சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொல்லாமல் இறங்கிவிட்டார். சுற்றாமல் சிக்கி நின்ற ரோலர் ஒன்று பெல்ட்டோடு தேய்ந்து தேய்ந்து சூடேறி, கரித்தூள் பற்றிக்கொண்டது. புதிதாக ஏறிய ஆளுக்கு வலது கை வெந்துபோனது. சொல்லாமல் இறங்கியவர் எங்கள் பிளாக்கில்தான், நாலு குவார்ட்டர்ஸ் தள்ளிக் குடியிருந்தார். அப்பா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அம்மா மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

இந்தக் கதையெல்லாம் எதற்கென்றால், நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு சுற்றிவர வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி எங்கள் கல்லூரிக்கே வந்து வகுப்பில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலையை வாங்கி, அதற்கு ஆட்களைப் போட்டுச் செய்து கொடுக்கிற கம்பெனி. வேலை ஆர்டர் தபாலில் வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடினார்.

"பெர்மனென்ட்தானே?"

"ஒரு வருஷம் கழிச்சு பெர்மனென்ட்பா."

அன்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் டவுன்ஷிப்பில் மனிதர்கள் இரண்டே வகை. பெர்மனென்டுக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கான்ட்ராக்டுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, கேட்டில் பாஸ், ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் நிற்பது. ஒரே பெல்ட், ஒரே புழுதிதான். ஆனால் ஒருவர் மேலே நின்று ஓட்டுவார், இன்னொருவர் கீழே குனிந்து சிந்தியதை வாருவார்.

அந்தக் கம்பெனியைத் திட்டியே எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அது நியாயமில்லை. டவுன்ஷிப்பில் என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்டாலே அப்பாவின் உத்தியோகம் தெரிந்துவிடும். யார் நம்மை ஹாலில் உட்கார வைப்பார்கள், யார் வாசலிலேயே பிறந்தநாள் கேக்கைக் கொடுத்து அனுப்புவார்கள் என்பதும் அதிலேயே முடிவாகிவிடும். சென்னை ஆபீசில் எல்லார் கழுத்திலும் ஒரே மாதிரி டேக். நீ எந்த பிளாக் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் தாத்தா யார் நிலத்தில் கூலிக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பெருமையான பதில் எதுவும் கிடையாது. வேலை முடிந்தால் ஹாஸ்டல் வாசல் வரைக்கும் வண்டி. வெள்ளைக்காரரோடு போனில் திக்காமல் இங்கிலீஷ் பேச அங்கேதான் கற்றேன். முதல் மூன்று வருஷம் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

பிறகு ஒரு புரோகிராமிடம் போய்ச் சேர்ந்தேன். இவ்வளவு பெரிய கம்பெனியில் உனக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே நாற்காலி காலியோ அங்கே உட்கார வைப்பார்கள். எனக்குக் கிடைத்த நாற்காலி ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. அவர்களுடைய பழைய புரோகிராம் ஒன்று என்னைவிட வயதில் மூத்தது. இப்போது யாரும் படிக்காத ஒரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது. மாதம் முழுக்கப் பரம சாதுவாக இருக்கும். மாதக் கடைசியில் எல்லாப் பாலிசிகளையும் ஒன்றாகக் கணக்குப் பார்க்கிற பெரிய ரன் ஓடும்போது பாதியில் நின்றுவிடும். அது அவர்களுக்கு இரவு, நமக்குப் பகல். அவர்கள் விழிப்பதற்குள் நான் உள்ளே போய் ஒரு ஃபைலில் தேதியைக் கையால் மாற்றி, மறுபடி ஓட விட வேண்டும். அப்படிக் கையால் மாற்றக் கூடாது என்பது கிளையன்டின் விதி. மாற்றாவிட்டால் ஓடாது என்பது புரோகிராமின் விதி. மேனேஜருக்கு இது தெரியும், ஆனால் தெரியாது. ஏதாவது தப்பானால் மாட்டப்போவது கை வைத்தவள்தான்.

புரோகிராமின் முதல் பக்கத்தில், எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவர்கள் தங்கள் இனிஷியலைப் போட்டிருந்தார்கள். ஏழு பேர். ஒருவர் அதற்குப் பக்கத்திலேயே "கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் இனிஷியலையும் கீழே போட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் யாரென்று விசாரித்தேன். வேலையிலிருந்து விடுவித்தோம் என்கிற ரிலீவிங் லெட்டர்கூட வாங்காமல் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவில்லையாம்.

அதைக் கற்றுக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. அது தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னை அங்கிருந்து நகர்த்த முடியாது. என்னோடு சேர்ந்தவர்கள் புதுப்புது வேலைக்கு மாறினார்கள், வெளிநாடு போனார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கேட்பேன். "நீங்க ரொம்ப முக்கியமான ஆளு. அதனாலதான் விட முடியல" என்பார். கேட்க மாலை போட்ட மாதிரி இருக்கும். வெளியே வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனால், நான் பார்க்கிற மொழியின் பெயரைக் கேட்டு ஒருவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இது இன்னும் உயிரோடவா இருக்கு?" என்றார். அது இருக்கிறது சார், நான்தான் சந்தேகம் என்று சொல்ல நினைத்தேன்.

"மாற்று ஆள் வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான் மேனேஜரின் கடைசி வார்த்தையாக எப்போதும் இருக்கும். ஆட்கள் வரவும் செய்தார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று பேர். நான் அப்பாவின் மகள் இல்லையா, முதல் நாளே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாதக் கடைசியில் நிற்கும், கையால் மாற்ற வேண்டும், தப்பானால் நம் தலை, கற்றுக்கொண்டால் நகர முடியாது. முதல் ஆள் ஒரு வாரத்தில் வேறு மேனேஜரைப் பிடித்துப் போய்விட்டான். இரண்டாவது பெண்ணுக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. மூன்றாவது ஆள் கெட்டிக்காரன். மாதக் கடைசியை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், மறுநாள் அவன் சொந்தக்காரர் யாரோ இறந்துபோனார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வாய்மேல்தான் வந்தது.

ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வங்கித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையில் தேறிவிட்டேன். அரசு வங்கி, அதிகாரி வேலை, கடலூர் மாவட்டத்தில் போஸ்டிங். ஆனால் முந்தைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரோடுதான் சேர வேண்டும் என்றது வங்கி. ஒரு மாதம் டைம், கெஞ்சினால் இன்னொரு மாதம். ராஜினாமா கொடுத்த பிறகும் கம்பெனியில் இருந்தே தீர வேண்டிய நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம். நான் எந்தக் கணக்குப் போட்டும் அந்த மூன்றை இரண்டுக்குள் அடக்க முடியவில்லை. மேனேஜரிடம் போய் நின்றேன். அழுதேன் என்றே சொல்லலாம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"மாற்று ஆளுக்கு வேலையைச் சொல்லிக் குடுங்க. அவங்க கிளையன்ட்டோட ஒரு கால் பேசணும், என்னால முடியும்னு சொல்லணும். சொல்லிட்டா அன்னைக்கே உங்கள விட்டுடறேன்."

அந்தச் சமயத்தில் அப்பாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். அம்மாவுக்குத் துணையாக இருக்க, ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தேன். டேட்டா கார்டுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கொல்லையில், பலா மரத்துக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கிடைக்கும். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஸ்டூல்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அமெரிக்க இன்சூரன்ஸைக் காப்பாற்றினேன். அம்மா அவ்வப்போது வந்து கீபோர்டில் விழுந்த கரித்தூளை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். குரலிலேயே குளிர்ச்சி. "உங்க அதிர்ஷ்டம் பாருங்க. ஆள் கிடைச்சாச்சு. அவங்களுக்கும் உங்க பக்கம்தான், மந்தாரக்குப்பம். மூணு மாசமா பெஞ்ச். இப்ப ஊர்லதான் இருக்காங்க. நேர்லயே சொல்லிக் குடுத்துடுங்க." பெஞ்ச் என்றால் எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் காத்திருப்பது. சும்மா இருந்து சம்பளம் வாங்குகிற சுகம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நாலைந்து மாதம் அப்படிக் கிடந்தால் ஒருநாள் கூப்பிட்டு, மரியாதையாக ராஜினாமா எழுதச் சொல்வார்கள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பழைய டி.வி.எஸ். வந்து நின்றது. பின்னாலிருந்து இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஓட்டி வந்தவர் அவளுடைய அப்பா. வண்டியை விட்டு இறங்காமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "உள்ள போம்மா" என்றார். கறுப்புக் கண்ணாடியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"யாருய்யா அது? நம்ம பெல்ட்டுல இருந்த ஆளு மாதிரி இருக்கு?"

"ஆமாங்க சார். நான்தாங்க. இது எம் பொண்ணுங்க."

அப்பா ஓட்டிய பெல்ட்டுக்குக் கீழே சிந்திய கரியை வாரிப் போட்டவர். கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று இருபது வருஷமாகக் காத்திருக்கிறவர். அப்பா உள்ளே வரச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க சார், ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது. நம்ம பொண்ணு ஒங்க வூட்டுக்கு வேல கத்துக்கினு போக வரும்னு நான் கனாலயும் நெனக்கலிங்க. எனக்குத்தான் கடசி வரைக்கும் ஆவல. அதுக்குப் பெர்மனென்டு ஆயிடிச்சி, அது போதுங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பாத்துச் சொல்லிக் குடும்மா."

அவள் நல்ல பெண். நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில் என்று எழுதிக்கொள்வாள். சொன்னதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் அம்மா தட்டு போட்டால் முதலில் வேண்டாம் என்றவள், மூன்றாம் நாள் அம்மாவோடு சேர்ந்து வெங்காயம் உரித்தாள். எனக்குத் தங்கை இல்லாத குறையைத் தீர்க்க வந்தவள் போல இருந்தாள். அவள் வர வர எனக்குப் பயம்தான் அதிகமாயிற்று. இவளும் ஓடிவிட்டால்? நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வங்கி கொடுத்த இரண்டாவது மாதமும் பாதி கழிந்திருந்தது.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அப்படியில்லை. புரோகிராமை எப்போதும் இரண்டாம் பக்கத்திலிருந்தே திறந்தேன்.

"மேல என்னக்கா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பழைய குறிப்பு. தேவைப்படாது."

மாதக் கடைசிக்கு முந்தைய நாள், "நாளைக்கு வர வேணாம்மா. வேலை ஒண்ணும் இருக்காது" என்றேன். மறுநாள் காலையிலிருந்து மூன்று மணி வரை பலா மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, நின்றுபோன ரன்னைத் தள்ளித் தள்ளி முடித்தேன். அதற்கடுத்த நாள் அவள் வந்து, "மாசக் கடைசில ஏதோ பெருசா ஓடும்னு சொன்னீங்களே, எப்படிக்கா போச்சு?" என்று கேட்டாள். "அது பாட்டுக்கு ஓடிடுச்சு" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்க்காமல் நான் மரத்தில் தொங்கிய பிஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளையன்ட் கால் இருந்த வாரத்தில் அவள் முகமெல்லாம் மலர வந்தாள். பெங்களூரில் மொபைல் ஆப் எழுதுகிற புது ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் படித்தது அதைத்தான், ஆசைப்பட்டதும் அதைத்தான்.

"எந்த வேலைக்குக்கா போறது? எனக்கு ஒண்ணும் புரியல. எங்க வீட்ல கேட்டா அவங்களுக்குத் தெரியாது. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அந்த நிமிஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே அம்மா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது நிற்கட்டும் என்பது போல நான் காத்திருந்தேன். நின்றது.

"புது ப்ராஜெக்ட் எல்லாம் ஆறு மாசத்துல முடிஞ்சிடும்மா. மறுபடி பெஞ்ச். இது அப்படியில்ல. இதுல இருந்து உன்ன யாரும் அனுப்ப மாட்டாங்க. பெர்மனென்ட் மாதிரி."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் அப்பா வாசலில் நின்று சொன்ன வார்த்தையை எடுத்து அவளுக்கே போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. பெங்களூருக்கு முடியாது என்று அங்கே உட்கார்ந்தபடியே மெயில் அனுப்பினாள்.

கிளையன்டோடு பேசும்போது அவள் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னால் முடியும்" என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள். மேனேஜர் வாக்குத் தவறவில்லை. அன்று சாயங்காலம் அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போன பிறகு, கொல்லையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே பின்வாசல் வரைக்கும் வந்தார். இத்தனை நாளும் வராந்தாவில் உட்கார்ந்து காதாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். நம் வீட்டிலேயே ஷிஃப்ட் மாறுகிறது என்று அவருக்கு ஒரே குஷி.

"மாத்து ஆள் ஏறிட்டா. நீ எறங்கிக்கலாம், இல்ல?"

"ஆமாம்பா."

"எங்க சூடாவுது, எங்க ஒதுங்குது, எல்லாம் எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்பா."

"வாயாலயும் சொன்னியா?"

"சொன்னேன்பா."

சாயங்கால இருட்டில், கறுப்புக் கண்ணாடி வழியாக அவருக்கு என் முகம் தெரியவில்லை. அது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

சென்னைக்குப் போய் டேக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வங்கியில் கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் சேர்ந்தேன். அந்த மாதக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நின்னுடுச்சுக்கா. இது எப்பவுமே இப்படித்தானா?"

"சில சமயம்" என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, எந்த ஃபைல், எந்த வரி, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஓட ஆரம்பித்ததும் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, "முதல் பக்கத்தப் பாத்தேன்கா. உங்க இனிஷியலும் இருக்கு. நானும் என்னுதப் போட்டுட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதன் பிறகு அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

சில வருஷம் கழித்து அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். நானும் சுற்றிச் சுற்றி மந்தாரக்குப்பம் கிளைக்கே மாற்றலாகி வந்தேன். அங்கேயே ஒரு வாடகை வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். நம் பெர்மனென்டெல்லாம் ஒரு சாவி அளவுதான் போலிருக்கிறது என்று அப்பாவைக் கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார், ஆனால் முழுசாகச் சிரிக்க மாட்டார்.

அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. அவள் அப்பா. கணக்கில் போன் நம்பர் மாற்ற வேண்டும் என்று ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தவர், என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். உட்காரச் சொன்னேன். இந்தத் தடவை உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கியேதாம்மா இருக்குது. நம்ம சுரங்கத்துலயே ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுத்தாங்க இல்ல, பரிச்ச எழுதிச்சி. கெடச்சிடிச்சிம்மா. பெர்மனென்டு. வூட்டுக்கு லெட்டர் வந்த அன்னிக்கி நான் வேலைக்கே போவல."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"எங்கம்மா சேர முடிஞ்சிது. அந்தக் கம்பெனிக்காரங்க வுட மாட்டேன்ட்டாங்க. ஒன்னவுட்டா வேற ஆள் இல்ல, மாத்து ஆள் வரட்டும்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கடசில ஒரு புள்ள வந்திச்சாம், திருச்சிப் பக்கம். எம் பொண்ணு மொத நாளே ஒக்கார வச்சி எல்லாத்தையும் ஒடச்சிச் சொல்லிடிச்சி. இது நிக்கும், கையால மாத்தணும், மாட்டுனா நீதான் மாட்டணும், இங்க வந்தா வெளிய போவ முடியாதுன்னு. மூணாம் நாளு அந்தப் புள்ளயக் காணோம். அதுக்குள்ள இங்க கூப்பிட்ட தேதி போயிடிச்சி. வேற ஆளப் போட்டுட்டாங்க."

படிவத்தில் என் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டம்மா. கொஞ்சம் மூடி மறச்சி சொல்லியிருக்கக் கூடாதா, வாழ்க்கை ஆச்சேன்னு. அதுக்கு அது சொல்லுது, அந்தக்கா எனக்கு ஒண்ணுவுடாம சொல்லித்தான குடுத்தாங்க, நான் மட்டும் எப்பிடிப்பா மறைக்கிறதுன்னு. ஒங்களத்தாம்மா சொல்லிச்சி." அவர் குரலில் வருத்தமும் இருந்தது, அதற்குமேல் பெருமையும் இருந்தது. "ஆப்ரேட்டர் சார் வூட்டுப் பழக்கம் அது. பெல்ட்டுல அவரு அப்பிடித்தான். அதுகிட்ட நான் மறுபேச்சு பேசல."

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தவள். மாதக் கடைசியில் நான் அவளை ஏன் வரவேண்டாம் என்றேன் என்பது அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான் அப்பாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றவா, எங்கள் வீட்டைப் பற்றி அவர் வைத்திருக்கிற மரியாதையைக் காப்பாற்றவா, எனக்குத் தெரியவில்லை. இல்லை, நான் சொல்லவில்லை, மறைத்தேன், அதனால்தான் என்னால் இந்த நாற்காலியில் உட்கார முடிந்தது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "ரெண்டு நாள்ல மாறிடும்" என்றேன். அவர் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் டி.வி.எஸ்ஸை நாலைந்து தடவை உதைத்துக் கிளப்புவது வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் போதுமான நேரம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தேன். இன்றைக்கு அவர் வந்தார் என்றேன். அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"பொண்ணு எப்படி இருக்கா? இன்னும் அதே எடத்துலயா? மாத்து ஆள் வரலையா?"

"வந்தான்பா. இவ எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் ஓடிட்டான். இவளால எறங்க முடியல. இங்க சுரங்கத்துல கெடச்ச வேலையும் போச்சு."

அப்பா கை சோற்றில் அப்படியே நின்றது. "பாவம்" என்றார். பிறகு பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஆனா சரியாத்தான் செஞ்சிருக்கா. சொல்லித்தான் ஆகணும். ஓடுறது அவன் இஷ்டம். சொல்லாம எறங்கிட்டு வூட்டுல வந்து நிம்மதியா சோறு தின்னா அவன் மனுசனே இல்ல."

அம்மா எனக்கு ரசம் ஊற்ற வந்தாள். போதும் என்று தட்டின்மேல் கையை வைத்து மூடினேன்.